எரிக்கக் கொடுத்த கதவு

எங்கள் ஊரில் ஒரு தெரு உண்டு. தலை காலியாக இருந்தால் நான் அதில் நடக்கக் கூடாது. தலையில் அந்தத் தெருக்காரர்கள் வீட்டு நெல்மூட்டையோ, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையோ இருந்தால் நடக்கலாம். மூட்டையை இறக்கி வைத்ததும் கொல்லைப் பக்கமாக இறங்கி வாய்க்கால் வரப்பைப் பிடித்துத் திரும்பிவிட வேண்டும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்று எனக்கும் தெரியும். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவன் நான். அந்தச் சட்டம் திண்டிவனத்தோடு நின்றுவிடும். ஒலக்கூர் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஏரிக்கு வந்து சேர அதற்கு வழி தெரியாது.

ஏரிக்கு வடக்கே எங்கள் சேரி. தென்கிழக்கே கரையை ஒட்டி ஊர். தென்மேற்கு மூலையில் திண்டிவனம் ரோடு. கோடையில் ஏரி வற்றிக் கிடக்கும்போது குறுக்கே நடந்தால் அரை மணியில் ரோடு வந்துவிடும். மழை பெய்து ஏரி நிரம்பிவிட்டால் நாலு மாதம் அந்த வழி கிடையாது. அந்த ஊர்த்தெரு வழியாகப் போக வேண்டும், இல்லையென்றால் மேற்கே சேற்றிலும் கழனியிலும் ஆறு மைல் சுற்ற வேண்டும். ஏரிக்கரைமேல் நடக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கரையின் நடுவில் அவர்கள் கோயில். அது எப்படி அவ்வளவு சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது என்று நானும் யோசித்திருக்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில், எனக்கு இருபது வயதாகும்போது, அந்த ரோட்டோரத்தில் மல்லாட்டை உடைக்கிற மில் ஒன்று வந்தது. ஆயில் இன்ஜினுக்கு எண்ணெய் விடவும் பெல்ட் மாட்டவும் ஓர் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு நானும் என் அத்தை மகனும் போய் நின்றோம். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். மேஸ்திரி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். பொங்கல் வரை இரண்டு பேரும் வாருங்கள், பிறகு ஒருத்தனை வைத்துக்கொள்கிறேன் என்றார்.

"காலைல எட்டு மணிக்குச் சங்கு ஊதும்போது எவன் இன்ஜினாண்ட நிக்கிறானோ அவந்தான் நமக்கு ஆளு. வேலைய அப்பால கத்துக்கலாம். நேரத்த எவனும் கத்துக்குடுக்க முடியாது," என்றார்.

அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதுவரை எங்கள் வீட்டில் யாரும் அந்தத் தெருக்காரர்களின் நிலத்தைத் தவிர வேறு இடத்தில் வேலை பார்த்ததில்லை. மில்லில் இன்ஜின் பக்கத்தில் நிற்கிறவன் சட்டை போட்டிருப்பான். அதைக் கழற்று என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு அது போதும், சம்பளம்கூட இரண்டாவதுதான்.

கார்த்திகையில் ஏரி நிரம்பியது. ஆறு மைல் சுற்றிப் போய் எட்டு மணிச் சங்கைப் பிடிக்க வேண்டுமானால் இருட்டிலேயே கிளம்ப வேண்டும். போய்ச் சேரும்போது முழங்கால் வரை சேறாக இருக்கும். மச்சான்தான் வழி சொன்னான். வாழைமரம் நாலைந்தை வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, மூங்கில் குச்சியைக் குறுக்கே அடித்துத் தெப்பம் கட்டினோம். முதல் வாரம் அதன்மேல் முட்டி போட்டுக்கொண்டு கழியால் தள்ளினோம். எனக்கு நிற்க வரவில்லை. எழுந்தால் விழுவேன், விழுந்தால் மச்சான் சிரிப்பான். பிறகு கால்களை அகட்டி, முழங்காலைத் தளர்த்தி நிற்கப் பழகினோம். தெப்பம் அகலமானது, என்ன கூத்தடித்தாலும் கவிழாது. மார்கழி பிறந்து வாடைக்காற்று வீச ஆரம்பித்ததும் மச்சான் ஒரு மூங்கிலில் பழைய வேட்டியைக் கட்டிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். தெப்பம் தானாக நகர்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் போட்ட கூச்சலில் கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன. வடகிழக்கிலிருந்து வரும் காற்று எங்களைத் தென்மேற்கே ரோட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். சாயங்காலம் திரும்பும்போது அவசரமில்லை. தெப்பத்தைக் கயிற்றில் கட்டி மேற்குக் கரையோரமாக இடுப்பளவு தண்ணீரில் இழுத்துக்கொண்டு வந்துவிடுவோம்.

ஆனால் வாழைத்தெப்பம் சோம்பேறி. வேட்டி முழுக்கக் காற்றைப் பிடித்தாலும் அது மெதுவாகத்தான் போகும். வாரத்துக்கு ஒருமுறை அழுகி, நார் நாராகப் பிரியும். அந்த மாதத்தில் இரண்டு தடவை நாங்கள் ஏரி நடுவில் இருக்கும்போதே சங்கு ஊதிவிட்டது. மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இன்னொரு வாட்டி லேட்டுன்னா ரெண்டு பேரும் இப்பிடியே போய்க்கினே இருங்க," என்றார். நிற்கத் தெரிந்துவிட்டது, காற்றைப் பிடிக்கவும் தெரிந்துவிட்டது. இனி நல்ல பலகையாகப் பார்த்து எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

இப்போது புதுச்சேரிக் கடற்கரையில் இதற்கென்றே பலகை செய்து வைத்திருக்கிறார்கள். ஒருமுறை நின்று பார்த்தேன். நடுவில் கம்பம், கம்பத்தில் கலர் பாய், எல்லாம் நாங்கள் செய்ததுதான், பளபளப்பாக இருந்தது. வாடகைக்கு விடுகிறவர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "கத்துக்கும்போது அகலமா எடுங்க, கவுறாது. தேறிட்டீங்கன்னா உங்க வெயிட்டப் பாருங்க, காத்தப் பாருங்க, அதுக்குத் தோதா எடுங்க சார். பாக்க நல்லா இருக்குன்னு எடுக்காதீங்க." கேட்டவர் தலையாட்டிக்கொண்டே கடையிலேயே பெரிய பலகையைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் கையைத் தட்டிவிடலாமா என்று இருந்தது. திரும்பி நடந்துவிட்டேன்.

எங்களுக்குப் பலகை கிடைத்தது ஊர்த்தெருவின் பெரிய வீட்டில். தை பிறந்ததும் மாடி வீடு கட்டுவதற்காக அந்த மார்கழியில் அவர்கள் பழைய ஓட்டு வீட்டை இடித்தார்கள். இடிக்கிற வேலைக்கு எங்கள் சேரி ஆட்களைத்தான் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மில் கிடையாது என்பதால் நாங்களும் போனோம். வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் கொல்லையில் குவித்திருந்த கழிவு மரங்களைக் காட்டினார்.

"வோணுங்கிறத எடுத்துக்கினு போங்கடா. அடுப்பெரிக்க ஆவும்," என்றார்.

அந்தக் குவியலில் அவர்கள் வாசல் கதவு கிடந்தது. ஒற்றைக் கதவு, தேக்கு, இரண்டு விரல் கனம். கீழ் மூலையைக் கரையான் தின்றிருந்தது. பித்தளைக் குமிழ்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவை இருந்த இடத்தில் ஓட்டைகள் வரிசையாக இருந்தன. மேல்பாதியில் தலைமுறை தலைமுறையாகப் பூசிய மஞ்சளும் வைத்த குங்குமமும் காய்ந்து தடித்துப் போயிருந்தன. என் அப்பா அந்தக் கதவுக்கு எதிரே, வாசலுக்குக் கீழே நின்று, "ஆண்டே" என்று கூப்பிட்டுவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதை அவர் ஒருநாளும் தொட்டதில்லை.

நான் அதன்மேல் கை வைத்தேன். "இதுதான் என் பலகை," என்றேன்.

மச்சான் அதைத் தட்டிப் பார்த்தான், ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தான். "பேஜாரு புடிச்ச கனம் மச்சான். இது மெதக்குமா? மெதந்தாலும் ஒன்ன வெச்சிக்கினு மெதக்குமா?"

"தேக்குடா. ஆயிசுக்கும் அழுவாது."

"நமக்கு ஆயிசுக்கா வோணும்? பொங்கல் வரைக்கும் போதும்," என்றான். வேலிப் பக்கம் கையைக் காட்டினான். காம்பவுண்டு சுவருக்காகக் கல்யாண முருங்கை மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். "அத எடுத்துக்கலாம். நெட்டி கணக்கா லேசா இருக்குது. ரெண்டு கட்டைய சேத்துக் கட்டினா நம்ம ரெண்டு பேரையுமே தாங்கும்."

கல்யாண முருங்கையை எங்கள் பக்கம் யாரும் மரம் என்றே மதிப்பதில்லை. தழையை ஆடு தின்னும். கட்டை அடுப்புக்குக்கூட ஆகாது. மற்றவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். மச்சான் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான்.

"மச்சான், நீ பலகையப் பாத்து எடுக்கல. அவன் வூட்டப் பாத்து எடுக்கிற," என்றான்.

அவன் சொன்னது உண்மை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. "ஆமாண்டா. அவன் கதவு மேல காலு வெச்சி நின்னுக்கினு போவணும் நானு. ஒனக்கு இன்னா?" என்றேன். அவன் இரண்டு கட்டைகளை உருட்டிக்கொண்டு போய்விட்டான்.

கதவைத் தண்ணீரில் போட்டதும் மிதந்தது. நான் ஏறி நின்றேன். முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். நான் இரண்டு காலி மண்ணெண்ணெய் டின்களை வாங்கி, வாயைத் தாரால் அடைத்து, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகக் கதவுக்கு அடியில் கட்டினேன். இப்போது தண்ணீர் பாதத்தை மட்டும் நனைத்தது. டின்களைக் கட்டித்தான் மிதக்க வேண்டும் என்றால் அது பலகையே இல்லை என்று மச்சான் சொன்னான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவன் தன் கட்டைகளின் அடிப்பக்கத்தைச் செதுக்கி, முன் முனையைக் கூராக்கி, நடுவில் பாய் கட்டிய மூங்கில் கம்பத்தைத் தேங்காய்க் கயிற்றால் தளர்வாகக் கட்டினான். கம்பம் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயும். முன்னால் சாய்த்தால் ஒரு பக்கம் திரும்பும், பின்னால் சாய்த்தால் மறுபக்கம். அவன் ஏரியைக் கடப்பது அரை மணி வேலையானது. சட்டை நனையாமல் போய் இறங்குவான். நான் என் சட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு அவனுக்குப் பின்னால் கால் மணி கழித்து வருவேன். பழையபடி வேட்டி கட்டிய மூங்கிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றால் கதவு நேராகப் போகும், அவ்வளவுதான். அடியில் இருக்கும் டின்கள் அதைத் திரும்ப விடாது. திருப்ப வேண்டுமானால் கழியை ஊன்றித் தள்ள வேண்டும்.

ஆனாலும் அந்த நாட்கள்போல் சந்தோஷமாக நான் இருந்ததில்லை, பொய் சொல்லக் கூடாது. மஞ்சள் பூசிய இடமாகப் பார்த்துத்தான் காலை வைப்பேன். குமிழ் பிடுங்கிய ஓட்டைகள் கால்விரலுக்குப் பிடிமானமாக இருந்தன. ஏரி நடுவில், யாரும் இல்லாத இடத்தில், அந்தக் கதவின்மேல் நின்றுகொண்டு அவர்கள் வீட்டு ஆட்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லித் திட்டுவேன். ஒருத்தருக்கும் கேட்காது. எனக்குக் கேட்டால் போதும் என்று இருந்தது.

பத்து நாளில் தேக்கு தண்ணீரைக் குடித்துக் கனத்துவிட்டது. பின்பக்கத்து டின்னில் தார் விட்டு, அதிலும் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. கணுக்கால் முழுகியது, பிறகு அதற்கு மேலும் ஏறியது. மச்சான் தினமும் கூப்பிடுவான். "ஏறு மச்சான், ரெண்டு பேரும் இதுலயே போலாம். நீ மின்னாடி நில்லு." நான் மாட்டேன் என்பேன். இரண்டு நாள் கதவை வெயிலில் காயப் போடு என்றான். காயப் போட்டால் அந்த இரண்டு நாளும் அவன் கட்டையில் ஏற வேண்டும். அதனால் போடவில்லை.

பொங்கலுக்கு முதல் நாள் மேஸ்திரி எங்களைக் கூப்பிட்டார். சரக்கு குவிந்து கிடப்பதால் மாட்டுப் பொங்கலன்றும் மில் ஓடும் என்றார். "அன்னிக்குக் காலைல சங்கு ஊதும்போது நிக்கணும். ரெண்டு பேரும் நின்னா யோசிப்பேன். ஒருத்தன் நின்னா யோசிக்க வேண்டியதே இல்ல," என்று சொல்லி என் நனைந்த வேட்டியைப் பார்த்தார்.

மாட்டுப் பொங்கலன்று ஊர்க்காரர்கள் எல்லோரும் மாடு கழுவ ஏரிக்கு வருவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அவர்கள் துறை தென்கிழக்கில். நாங்கள் போவது தென்மேற்கே. தூரத்தில் போகிறவனை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். பார்த்தால்தான் என்ன என்றும் நினைத்தேன். பார்க்க வேண்டும் என்றே ஒரு ஓரத்தில் ஆசைப்பட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

அன்று காற்று மாறியிருந்தது. வழக்கமாக வடகிழக்கிலிருந்து வருவது, நாங்கள் ஏரியின் நடுவுக்குப் போனபோது வடமேற்கிலிருந்து அடித்தது. மச்சான் கம்பத்தைச் சாய்த்தான். கட்டைகள் தலையைத் திருப்பிக்கொண்டு ரோட்டைப் பார்த்துப் போயின. நானும் மூங்கிலைச் சாய்த்தேன். கதவு திரும்பவில்லை. கழியை ஊன்றினேன், அங்கே ஆழம், எட்டவில்லை. பாயாகக் கட்டிய வேட்டியைச் சுருட்டிப் போட்டேன். அப்படியும் காற்று என்னைத் துறைப் பக்கம் தள்ளிக்கொண்டே போனது. குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் பூசிய மாடுகளும், கரையில் நிற்கிற ஆட்களும் தெரிய ஆரம்பித்தார்கள்.

மச்சான் திரும்பிப் பார்த்துவிட்டு, கட்டையைத் திருப்பிக்கொண்டு என் பக்கத்தில் வந்தான். ஐந்தாறு கை தூரம்தான்.

"குதி மச்சான்! கட்டையப் புடிச்சிக்கோ! அத வுட்டுத்தொல!"

எனக்கு நன்றாக நீந்த வரும். குதித்திருக்கலாம். கதவு ஆளில்லாமல் போய்க் கரை ஒதுங்கியிருக்கும், அதன்மேல் யார் நின்றார்கள் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. "என்து இது. நான் வுட மாட்டேன்," என்றேன். அவன் இரண்டு தடவை கூப்பிட்டான். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. "ஜல்தியா வந்துடு," என்று சொல்லிவிட்டுக் கம்பத்தைச் சாய்த்துப் போய்விட்டான்.

அவன் இருந்திருக்க வேண்டுமா? இருந்தால் இரண்டு பேருக்கும் வேலை போயிருக்கும். நானாக இருந்தாலும் போயிருப்பேன். இதெல்லாம் எனக்குத் தெரிகிறது. ஆனாலும் அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை என்று சொன்னால் அது பொய். அவன் அந்த மில்லில் முப்பது வருடம் இருந்தான், இன்ஜின் டிரைவராகவே ஆனான். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போய்ப் பார்சல் ஆபீஸில் சுமை தூக்க ஆரம்பித்தேன். அங்கே சட்டை கொடுத்தார்கள், அதைக் கழற்று என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தலை காலியாக இருந்த நாள் குறைவு. மச்சான் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. சாவுக்குப் போனேன்.

துறையில் வந்து முட்டியபோது முதலில் பார்த்தது பெரிய வீட்டு அம்மாள். என்னைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தார். காலுக்கு அடியில் மஞ்சள். "ஐயோ, நம்ம வாசக்கதவு! லட்சுமிய மிதிக்கிறானே!" என்று வயிற்றில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆட்கள் தண்ணீரில் இறங்கி என்னைச் சுற்றி நின்றார்கள். பண்டிகை நாள் என்பதால் யாரும் கை வைக்கவில்லை, அப்படித்தான் சொன்னார்கள். வீட்டுக்காரர் கரையிலிருந்தே கேட்டார்.

"ஏண்டா, எரிக்கத்தானே குடுத்தேன்? மிதிக்கவா குடுத்தேன்?"

எரிக்கலாம், மிதிக்கக் கூடாது.  அன்று, "தப்புதான் ஆண்டே," என்றேன். என் வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் இன்னும் எரிகிறது. ரோட்டுப் பக்கத்துக் கரையில் ஒரு வெள்ளைத் துணி இறங்குவது தெரிந்தது. மச்சான் பாயைச் சுருட்டிவிட்டு ரோட்டில் ஓட ஆரம்பித்திருப்பான்.

"ஆண்டே, மில்லுக்கு நேரமாவுதுங்க. சாயந்தரம் வந்து இன்னா சொன்னாலும் செய்யறேங்க," என்றேன்.

"கதவக் கழுவி வூட்டாண்ட கொண்டாந்து போட்டுட்டுப் போ," என்றார்.

டின்களை அறுத்துவிட்டு, கதவை மூன்று தடவை கழுவினேன். சரியாகத் தேய்க்கவில்லை என்று நாலாவது தடவையும் கழுவச் சொன்னார்கள். இரண்டு பேர் தூக்கி என் தலைமேல் வைத்தார்கள். ஊறிப்போன தேக்கு, ஒரு நெல்மூட்டைக் கனம் இருந்தது. சேற்றுத் தண்ணீர் முகத்தில் வழிந்துகொண்டே இருந்தது. வாய்க்கால் வரப்புப் பக்கம் திரும்பினேன், பழக்கம். வீட்டுக்காரர் பின்னாலிருந்து அதட்டினார்.

"அங்க எங்கடா போற? தெருவுலயே போ. தலையிலதான் சொமை இருக்குதே."

தெரு முழுக்கக் கோலம். இரண்டு பக்கமும் ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். கோலத்தை மிதிக்காமல் கால் வைக்க வேண்டும். தலையைக் குனிந்து பார்க்கவும் முடியாது. பாதித் தெருவில் இருக்கும்போது சங்கு ஊதியது. காதைப் பொத்திக்கொள்ளலாம் என்றால் என் இரண்டு கையும் அவர்கள் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தன.